ஆயில் குடித்த கார்: சோதனைக்கு யார் பணம் கட்டுவது?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளியவன் நான். ஆகவே இந்தப் பழமொழி எனக்கு வெறும் பழமொழி ஆகாது. அதுவே என் உத்தியோகம். ஓய்வு பெற்றபின் அதற்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரு கார் வந்து, அந்தப் பழைய வேலையை மறுபடியும் என் கையில் கொடுத்தது. அந்த அனுபவம் தங்கவயல் வாசகர்கள் சிலருக்காவது உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

கார் என்னுடையதல்ல, என் அக்காள் மகனுடையது. அவன் தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அதன்பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி பெங்களூர் போகிறவர்கள் ஒரு பக்கம்; கடன் வாங்கி ஒரு காரை எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவன் இரண்டாவது வகை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். மாதத் தவணை தவறினால் பேங்கிலிருந்து எனக்கும் போன் வரும்.

வாங்கி ஒன்றே முக்கால் ஆண்டில் கார் 94,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வாரண்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை வீட்டு வாசலில் அவன் பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா, போன ஞாயிறும் ஊற்றினாயே?" என்றேன்.

"வாரம் ஒரு லிட்டர் ஆகுது மாமா. நிறைய ஓடற வண்டி, அப்படித்தான் இருக்கும்னு மெக்கானிக் சொன்னார்" என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஷெட்டில் கற்ற பாடம்

டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜின்களைப் பழைய ரயில் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அந்த என்ஜின் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினோம், எத்தனை லிட்டர் லூப் ஆயில் ஊற்றினோம் என்று கணக்கு எழுதுவோம். டீசலில் இத்தனை சதவீதம் லூப் ஆயில் என்று ஒரு விகிதம் போடுவோம். ஒரு என்ஜினில் அந்த விகிதம் ஏறிக்கொண்டே போனால், அதற்கு உள்ளே ஏதோ தொல்லை என்று பொருள். ஆயில் மாதிரியை எடுத்து லாபரட்டரிக்கு அனுப்புவோம். மாதிரியில் இரும்பு கூடினால் லைனர் தேய்கிறது, குரோமியம் கூடினால் ரிங், செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், சிலிக்கன் கூடினால் ஏர் பில்டர் வழியாகத் தூசி போகிறது என்று அறிந்துகொள்வோம்.

தங்கவயல்காரர்களுக்கு இது புதிதல்ல. பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று மாதிரி எடுத்து அஸ்ஸே ஆபீசில் சோதித்த ஊர் இது. மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டால் சோதனை முடிவுக்கு மதிப்பில்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காருக்கும் இதே கதைதான். என்ஜின் ஆயில் குறைவதற்கு இரண்டே வழி. ஒன்று, வெளியே ஒழுக வேண்டும். அப்படியானால் நிறுத்திய இடத்தில் கறை தெரியும். இரண்டு, உள்ளே எரிய வேண்டும். உள்ளே எரிவதற்கும் சில அடையாளங்கள் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். டர்போ உள்ள என்ஜினில் டர்போவின் சீலையும், எல்லா என்ஜினிலும் கிராங்க் கேஸ் காற்றை உறிஞ்சி விடும் வால்வையும் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக்கால வண்டிகளில் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருப்பதால், ஓரளவு ஆயில் எரிந்தாலும் கண்ணுக்குப் புகை தெரியாமல் போகலாம். எரிந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அந்தக் கன்வர்ட்டரையும் நாளடைவில் கெடுத்துவிடும். ஆயில் விலையோடு போகிற நஷ்டம் அல்ல இது.

ஆகவே அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். தினமும் காலையில், சமதரையில், என்ஜின் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார். கிலோமீட்டரையும் மட்டத்தையும் எழுது. ஊற்றினால் எத்தனை மில்லி என்று அளந்து எழுது. ஆயில் வாங்கிய ரசீதை அதிலேயே ஒட்டு என்றேன். மூன்று வாரத்தில் கணக்குத் தெளிவாகிவிட்டது. 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 700 மில்லி.

"இது கார் சார், லோகோ இல்லை"

பெங்களூரில் வண்டி வாங்கிய டீலரின் ஒர்க் ஷாப்புக்கு இருவரும் போனோம். சர்வீஸ் அட்வைசர் மரியாதையான இளைஞர்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "கஸ்டமர் எழுதிய கணக்கைக் கம்பெனி ஏற்காது சார். நாங்களே ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் செய்ய வேண்டும். மேலும் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை நார்மல்தான்" என்றார்.

அந்த ஒரு லிட்டர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துக் காட்டினேன். பொடி எழுத்தில் அரை லிட்டர் என்று இருந்தது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவு வேறுபடும். சில கையேடுகளில் அரை லிட்டர் என்று இருக்கும். ஒரு லிட்டர் வரை அனுமதிக்கிற கையேடுகளும் உண்டு. உங்கள் கையேட்டில் உள்ளதே உங்களுக்குச் சட்டம். வாய்வார்த்தையாகச் சொல்லும் அளவுக்கு மதிப்பில்லை.

டெஸ்டை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஊற்றி அனுப்புவோம், திரும்பி வந்ததும் பார்ப்போம் என்றார். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்த விரற்கடை அகலத்தில் 200 மில்லி வித்தியாசத்தை யார் பார்த்துச் சொல்வது? வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே கணக்கு மாறிவிடும். பழைய ஆயிலை முழுதும் வடித்து, புது ஆயிலை எடை போட்டு ஊற்றி, வடிகுழாய் போல்ட்டுக்கும் ஆயில் மூடிக்கும் சீல் வைத்து, 1,000 கிலோமீட்டர் கழித்து என்ஜின் சூடாக இருக்கும்போது அதே நேர அளவு வடியவிட்டு, மறுபடியும் எடை போடுங்கள் என்றேன். "இது கார் சார், லோகோ இல்லை" என்று சிரித்தார். ஆனால் உள்ளே போய் ஒர்க்ஸ் மேனேஜரைக் கேட்டு வந்து சம்மதித்தார்.

அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். சீலைப் பற்றியும் தராசைப் பற்றியும் அவ்வளவு பேசிய நான், இந்தச் சோதனைக்கு எவ்வளவு பணம், அதை யார் தருவது என்று கேட்கவே இல்லை. வாரண்டியில் உள்ள வண்டிதானே என்று இருந்துவிட்டேன். ஜாப் கார்டில் அக்காள் மகன் கையெழுத்துப் போட்டான்.

ஆனால் ஒரு காரியம் சரியாகச் செய்தோம். ஆயில் குறைகிறது என்ற புகாரை, தேதியும் 94,600 என்ற கிலோமீட்டரும் போட்டு, கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். வாடகை வண்டி நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடும். ஒரு லட்சம் வர ஒரு மாதம் போதும். சோதனை, பார்ட்ஸ் ஆர்டர், கம்பெனி அனுமதி என்று நாள் கடந்தால் வாரண்டி முடிந்துவிடும். வாரண்டிக்குள் புகார் செய்தோம் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

சோதனை முடிவும் பில்லும்

மூன்றரை லிட்டர் ஆயில் எடையில் 2,975 கிராம் இருந்தது. அந்த ஆயிலின் அடர்த்தி லிட்டருக்கு 850 கிராம். ஆகவே கிராமையும் மில்லியையும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் ஐந்து நடை போய் வந்தால் 1,000 கிலோமீட்டர். 1,004 ஓடியபின் வடித்ததில் 2,380 கிராம் கிடைத்தது. குறைந்தது 595 கிராம், அதாவது 700 மில்லி. அவன் நோட்டுப் புத்தகக் கணக்கும் தராசும் ஒன்றையே சொல்லின. அட்வைசர் எங்களைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டவே வேண்டும்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தார்கள், ஸ்கேனர் போட்டார்கள். என்ஜினைத் திறந்து பார்த்ததில் ஆயில் ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. சிலிண்டர் சுவரில் மிஞ்சிய ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவதுதான் அந்த ரிங்கின் வேலை. அது அசையாமல் நின்றுவிட்டால் ஆயில் மேலே ஏறி எரிந்துபோகும். வாரண்டியில் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒன்பது நாள் வண்டி அங்கே நின்றது.

வண்டியை எடுக்கப் போனபோது ஒரு பில் நீட்டினார்கள். வரி உட்பட ஆயில் 3,100, பில்டர் 420, ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் 2,800, கம்ப்ரஷன் டெஸ்ட் 1,800, ஸ்கேனர் 700. ஆக மொத்தம் 8,820 ரூபாய். "வாரண்டி ரிப்பேருக்குத்தான் சார். டெஸ்ட் கஸ்டமர் செலவு. ஜாப் கார்டில் இருக்கிறதே" என்றார்கள். இருந்தது. சோதனைக் கட்டணம் வாடிக்கையாளரைச் சேர்ந்தது என்று கடைசியில் ஒரு வரி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்.

ஒன்பது நாள் வருமானம் இல்லாதவன், தவணைக்கு வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுக்கத் தயாரானான். "விடுங்க மாமா, வண்டி கிடைத்தால் போதும்" என்றான். வண்டியை எடுப்பதற்காகப் பணத்தைக் கட்டினோம். ஆனால் ரசீதின் மேல், 'ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அதன் நகலை அவர்களிடமும் கொடுத்தோம்.

எங்கள் வாதம்

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். டீலருக்கு ஒன்று, கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒன்று. கோபமாக ஒரு சொல்லும் இல்லை. சாரம் இதுதான்.

முதலாவது, குறையைக் கண்டுபிடிக்காமல் குறையைச் சரிசெய்ய முடியாது. ரிப்பேர் வாரண்டியில் சேரும் என்றால், அந்த ரிப்பேருக்குப் படியாக இருந்த சோதனையும் அதில் சேர வேண்டும். மேலும் இந்தச் சோதனையைக் கேட்டது நாங்கள் அல்ல; எங்கள் கணக்கை ஏற்கமாட்டோம் என்று சொல்லி அவர்களே விதித்தது.

இரண்டாவது, ஜாப் கார்டில் தொகை எழுதப்படவில்லை. வண்டியில் குறை இருப்பதாகத் தெரிந்தாலும் கட்டணம் உண்டு என்றும் அதில் இல்லை. குறை இல்லை என்று முடிவு வந்திருந்தால் நாங்கள் கட்டியிருப்போம், அது நியாயமும்கூட. சும்மா சந்தேகப்படுகிறவனுக்கெல்லாம் டீலர் இலவசமாகச் சோதனை செய்துகொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, ஆயில், பில்டர் விலையாகிய 3,520 ரூபாயை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. 95,000 கிலோமீட்டரில் எப்படியும் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். ரிப்பேருக்குப் பின் ஊற்றிய ஆயில் வாரண்டிக் கணக்கில் வந்துவிட்டது. ஆகவே ஓர் ஆயில் மாற்றத்தின் செலவு எங்களுடையது. மீதி 5,300 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும்.

நமக்குச் சேராததை நாமே விட்டுக்கொடுத்து எழுதினால், கேட்பதற்கு வலு கூடுகிறது என்பது என் அனுபவம்.

பதினைந்து நாள் பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். அடுத்து கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்று முடிவு செய்து சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வாடகை வண்டி வியாபாரம் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கி உபயோகிப்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊர் டிரைவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோதனைச் செலவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. பொருளில் குறை உண்டா என்று சோதித்தால்தான் தெரியும் என்ற நிலையில், ஆணையமே மாதிரியை எடுத்து, சீல் வைத்து, தகுந்த லாபரட்டரிக்கு அனுப்பலாம் என்று பிரிவு 38 சொல்கிறது. 45 நாளில் அறிக்கை தரவேண்டும். ஆனால் அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டும்படி புகார்தாரரைத்தான் கேட்கலாம். கடைசியில் வழக்கின் செலவுத் தொகையை ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்குத் தரும்படி உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதலில் கேட்பவன் கட்டுகிறான். முடிவில் தோற்றவன் தாங்க நேரிடும். நாங்கள் கேட்டதும் இந்த முறையைத்தான்.

ஆசைக்கும் ஓர் அளவு வேண்டும். காரில் ஒரு குறை என்றவுடன் புதுக் காரே கொடு என்று கேட்பவர்கள் உண்டு. வாரண்டியில் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருந்தால், முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2006-ல் தீர்ப்பளித்தது.

இந்த ஆயில் வழக்கு உலகெங்கும் உள்ளதுதான். அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் என்ஜின் ஒன்றில் இதே புகார் எழுந்தது. டீலர் செய்யும் சோதனையில் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய 1,930 கிலோமீட்டருக்கு 0.95 லிட்டருக்கு மேல் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரும் ஏற்பாட்டைக் கம்பெனி செய்தது. சுபாரு கம்பெனி மீது 2014-ல் தொடுத்த வழக்கு 2016-ல் சமரசமாகி, 60,000 மைல் வாரண்டி 1,00,000 மைலாக நீட்டப்பட்டது. 2022 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு எதிராக, இதே அதிக ஆயில் விவகாரத்தில், சான் பிரான்சிஸ்கோ ஜூரிகள் 10 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தனர். ஒவ்வொரு வழக்குக்கும் பின்னால் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து எழுதி வைத்த யாரோ சிலர் இருந்திருப்பார்கள்.

முடிவு

ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. உதவி எண்ணில் புகார் பதிந்த மூன்றாவது வாரம் ஒர்க்ஸ் மேனேஜர் போன் செய்தார். 5,300 ரூபாய் அக்காள் மகனின் கணக்குக்கு வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எந்த அடிப்படையில் வந்தால் என்ன, அந்த மாதத் தவணை அதில்தான் நிறைவாயிற்று. ஒன்பது நாள் வருமானம் போனது போனதுதான். அதை நாங்கள் கேட்கவில்லை.

வாசகர்கள் நினைவில் வைக்கச் சில வார்த்தைகள்:

1. ஆயில் மட்டத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். ஊற்றியதை அளந்து எழுதி, ரசீதையும் வையுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதுவும் என்ஜினுக்குக் கெடுதல்.

2. வாரண்டி முடியுமுன் புகாரை எழுத்தில் கொடுத்து, கிலோமீட்டருடன் முத்திரை வாங்குங்கள்.

3. எந்தச் சோதனைக்கும் முன்னால் மூன்று கேள்விகளுக்கு ஜாப் கார்டிலேயே பதில் எழுதி வாங்குங்கள். எவ்வளவு கட்டணம்? எந்த அளவைத் தாண்டினால் குறை என்று ஒப்புக்கொள்வீர்கள்? குறை என்று தெரிந்தால் கட்டணம் யாருடையது?

4. பணம் கட்டியே தீரவேண்டிய நிலை வந்தால், ஆட்சேபணையை ரசீதில் எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

மூன்றாவதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. லோகோ ஷெட்டில் சோதனைக்கு யாரும் பில் போட்டதில்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கார் 1,000 கிலோமீட்டருக்கு 50 மில்லிகூடக் குடிப்பதில்லை. அந்த நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அவன் சிநேகிதன் ஒருவன், அவனும் வாடகை வண்டி டிரைவர்தான், வீட்டுக்கு வந்து, "மாமா, எனக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுங்க" என்றான். கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.